நான்காவது ஆணி

ஜனவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் ஒரு மன்னிப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்கு இவள் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பாய். நீ தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் இங்கே தும்மினால் அங்கே மாடியில் நம் வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்கிறது. மாடியம்மா காதில் விழ வேண்டாத விஷயம் என்றால் எழுதத்தான் வேண்டும். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதும் உனக்குத் தெரியாததில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மெஷின் மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்தாயா? அப்பாவின் இருமல் நின்றதா? நான் சுகமாக இருக்கிறேன். வந்த நாளிலிருந்து சளி மட்டும் என்னோடு குடியிருக்கிறது. அதற்கு ஒன்றுக்குத்தான் இந்த ஊரில் சுலபமாக இடம் கிடைத்திருக்கிறது.

விஷயம் இதுதான். கம்பெனி விடுதியில் புதிதாக வந்தவர்கள் மார்ச் கடைசி வரைதான் இருக்கலாம். அதற்குள் சொந்தமாக ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையான விலாசம் காட்டினால்தான் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிப்பார்கள். வீடு இல்லையென்றால் வேலையும் இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இங்கே வீடு பார்க்க எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்கிறார்கள். காலி வீட்டுக்குள் முன்பின் தெரியாதவர்கள் கும்பலாக நுழைந்து அலமாரியைத் திறக்கிறார்கள், ஜன்னலை இழுக்கிறார்கள், தரையைத் தட்டுகிறார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே பெண்தான் மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறது. நான் சுவரோரமாக நின்றுவிட்டு வந்தேன். போன வாரம் புரோக்கர் என்னிடமே வந்து, "இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள்?" என்றார். "அம்மா வீட்டில்" என்றேன். "சொந்த வீடா?" "இல்லை, வாடகை வீடு." "அப்படியானால் அந்த வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று அவர் சொல்ல வேண்டும். அது இல்லாமல் உங்கள் பெயர் வரிசையில் கடைசிக்குப் போய்விடும்."

நீ மாடியம்மாவிடம் போய்க் கேட்க வேண்டாம். சும்மா சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாப்பா

---

ஜனவரி 28

பாப்பாவுக்கு அம்மா எழுதறது.

நல்லா இருக்கியா? முழங்கால் அப்படியேதான் இருக்கு. அது என்கூடப் பொறந்தது, என்கூடத்தான் இருக்கும். உங்கப்பாவுக்கு இருமல் நின்னுடுச்சு, இப்போ கோபம் மட்டும்தான். சளிக்கு இடம் குடுத்தியே, அட்வான்ஸ் வாங்கினியா? எட்டாவது வரைக்கும் படிச்சவ எழுத்து இது. தப்பு இருந்தா சிரிச்சுக்கோ, திருத்தி அனுப்பாத.

நீ 'கேட்க வேண்டாம்'னு எழுதினா 'கேளு'ன்னு அர்த்தம். சின்ன வயசுல பலூன்காரன் போகும்போது "எனக்கு வேணாம்மா"ன்னு சொல்லிட்டு அவன் தெருமுனை திரும்பற வரைக்கும் பாத்துட்டு நிப்பியே, அந்தப் பொண்ணுதானே நீ?

மறுநாளே மாடி ஏறினேன்.

"என்ன, மோட்டார் போடச் சொல்ல வந்தியா?"ன்னாங்க.

"இல்லம்மா. பாப்பாவுக்கு ஒரு லெட்டர் வேணும்."

"நாடு விட்டு நாடு போயும் உன் பொண்ணு என்னை விட மாட்டாளா? நல்லவன்னு எழுதணுமாக்கும்?"

"உள்ளதை எழுதுங்க, போதும்."

"உள்ளதை எழுதினா வீடு கிடைக்குமாடி?"ன்னு சிரிச்சாங்க. யோசிச்சுச் சொல்றேன்னாங்க. அவங்களும் என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. அது வேற கதை, உனக்கு வேண்டாம்.

நீ பட்டம் வாங்கின படம் இன்னும் பீரோ மேலதான் சாஞ்சுக்கிட்டு நிக்குது. பின்னாடி பல்லி குடும்பம் நடத்துது. இந்த மாசமும் ஒரு ஆணிக்கு அனுமதி கேட்டேன். "ஏற்கெனவே மூணு இருக்கே, என் சுவர் என்ன சல்லடையா?"ன்னுட்டாங்க. ஹார்டுவேர் கடையில நாள் முழுக்க ஆணியை எடை போட்டு விக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தா பொண்ணு படத்துக்கு ஒரு ஆணி அடிக்க முடியல. கோபம் வராம என்ன செய்யும்?

அங்க வீடு பாக்கப் போனா முதல்ல எதைப் பாப்ப? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்கறேன்.

காதை மூடிக் கட்டிக்கிட்டு வெளியே போ.

அம்மா

---

பிப்ரவரி 13

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பக்கத்துக் கட்டில் நர்ஸ் அக்கா எழுந்துவிட்டார். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்க்காமல் பீரோவில் வைத்துப் பூட்டாதே. என் சளி போய்விட்டது, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை.

வீடு பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்ப்பேன் என்று கேட்டாய். தண்ணீரைத்தான். நாள் முழுக்க லேபில் ஊர்த் தண்ணீரைச் சோதிக்கிறவள் வேறு எதைப் பார்ப்பாள்? பையில் ஒரு சின்ன பாட்டில் வைத்திருக்கிறேன். யாரும் பார்க்காதபோது சமையலறைக் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன். இதுவரை பார்த்த வீடுகள் எல்லாம் என் மேஜை மேல் பாட்டிலாக நிற்கின்றன. சும்மா தெரிந்துகொள்ளத்தானே கேட்டாய், அதனால் முழுக்கவே சொல்கிறேன்: எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும். கதவை உள்ளிருந்து பூட்டிப் பார்க்க வேண்டும். பகலில் விளக்குப் போடாமல் எழுத்துப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரரை அதிகம் பேசவிட்டு நாம் கேட்க வேண்டும். கடைசியது எனக்குக் கஷ்டமே இல்லை.

ஆனாலும் வீடு கிடைத்தபாடில்லை. ஒரு அறையில் ஜன்னலே இல்லை, ஜன்னல் மாதிரி ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டுக்காரி என் பெயரை எழுதிக்கொண்ட பிறகு போனையே எடுக்கவில்லை. நேற்றுப் பார்த்த வீட்டில் குழாயில் பழுப்பாக வந்தது. "இது எத்தனை நாளாக இப்படி?" என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அங்கேயே குடியிருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

படம் பீரோ மேல் இருந்தால் என்ன, இருக்கட்டும். போனில் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் உன் பச்சைப் புடவையின் நுனி மட்டும் தெரிகிறது. போட்டோக்காரர் "நீங்களும் நில்லுங்கம்மா" என்று சொன்னதும் ஒதுங்கிப் போனாயே, அப்போது சிக்கியது.

மாடியம்மாவைத் தொந்தரவு செய்யாதே. இன்னும் நாள் இருக்கிறது.

உன் பாப்பா

---

மார்ச் 3

பாப்பாவுக்கு,

சுகமா இருக்கியா? தைலம் வந்துது. தேய்க்கறேன். நல்ல வாசனை.

பதில் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காத. கொஞ்சம் அலைச்சல். என்ன அலைச்சல்னு கேட்காத, எல்லார் வீட்லயும் இருக்கிறதுதான்.

மாடியம்மா லெட்டர் எழுதிக் குடுத்துட்டாங்க. இதோடவே வெச்சிருக்கேன். என்னை எதிர்ல உக்கார வெச்சு ஒவ்வொரு வரியா சத்தமாப் படிச்சுக்கிட்டே எழுதினாங்க. பாதியில "அம்மா, இது வேண்டாமே"ன்னேன். "உள்ளதை எழுதுன்னு நீதானே சொன்னே"ன்னுட்டாங்க. என்னத்தைச் சொல்ல? உனக்கு உபயோகப்படுமான்னு தெரியல. படிச்சுட்டுத் திட்டணும்னா என்னைத் திட்டு.

அம்மா

---

மார்ச் 2

இதைப் படிப்பவருக்கு,

என் வீட்டின் கீழ்ப்பகுதியில் பத்தொன்பது வருடமாகக் குடியிருப்பவர்களின் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளதை எழுதுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

இந்தப் பெண் பரீட்சை நாட்களில் என் மாடிப்படி விளக்கின் கீழே உட்கார்ந்து படித்து என் மின்சாரத்தைச் செலவழித்தாள். கண்டித்தேன். மறுநாள் முதல் தனக்கென்று ஒரு கைவிளக்கு வைத்துக்கொண்டாள். அதோடு விடாமல், நான் மறந்து எரியவிட்ட மாடிப்படி விளக்கையும் தினமும் அணைத்துவிட்டுப் படுத்தாள். அவள் போன பிறகு அந்த விளக்கு விடிய விடிய எரிகிறது.

வாய் திறக்க மாட்டாள். ஒருமுறை குழாய் உடைந்ததற்கு அவளைத் தெருவே கேட்கத் திட்டினேன். உடைத்தது என் வீட்டுக்கு வந்த பிளம்பர் என்று பிறகு தெரிந்தது. அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இது எனக்குப் பிடிக்காத குணம்.

இவள் தாயாரின் தையல் மெஷின் பெரும் சத்தம் போடும். இரவு எட்டு மணிக்கு மேல் கூடாது என்றேன். எட்டு மணிக்கு நிற்கிறது. அது நிற்பதைக் கேட்டுத்தான் நான் என் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன்.

என் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மூன்று ஆணிக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். மூன்றுக்கும் கேட்டுவிட்டுத்தான் அடித்தார்கள். நான்காவது ஆணிக்கு இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். நான் கொடுக்கவில்லை, அவர்களும் அடிக்கவில்லை.

வாடகை ஐந்தாம் தேதி. அது ஒருபோதும் ஆறாம் தேதி ஆனதில்லை.

இதற்கு மேல் புகழ எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

---

மார்ச் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

'வீடு கிடைத்துவிட்டது' என்று மட்டும் போனில் கத்தினேன். முழுக் கதையைச் சொல்லும் வரை எனக்குத் தூக்கம் வராது.

மாடியம்மாவின் கடிதத்தைப் படித்ததும் நர்ஸ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "இது கடிதமாடி? குற்றப்பத்திரிகை! மொழிபெயர்க்கும்போது நல்லதா மாத்திடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். நானும் உட்கார்ந்தேன். 'மிகவும் அமைதியான பெண்' என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். மாடியம்மா பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது. கிழித்துவிட்டு, உள்ளது உள்ளபடியே மொழிபெயர்த்தேன்.

கடைசியாகப் பார்க்கப் போனது ஒரு வயதானவரின் வீடு. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழே அவர் இருக்கிறார், மாடியை வாடகைக்கு விடுகிறார். எனக்கு முன்னால் ஒரு தம்பதி கெட்டி அட்டை போட்ட ஃபைலோடு வந்திருந்தார்கள். அவர்கள் பேசப் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் போனதும், "கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு டம்ளர் கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக் குடித்துவிட்டேன். மறுபடி கேட்டேன். மறுபடி ஒரு டம்ளர். அதையும் குடித்தேன். மூன்றாவது டம்ளரோடு அவர் வந்தபோது வேறு வழியில்லாமல் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினேன். மனிதர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, "உங்கள் கடிதத்தை நீங்களே படியுங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

படித்தேன் அம்மா. முதல் பத்தி அவருக்குக் கேட்கவே இல்லை, "சத்தமாக" என்றார். பிளம்பர் வந்த இடத்தில் என் குரலே எனக்குக் கேட்க ஆரம்பித்தது. மாத்திரை வந்த இடத்தில் அவர் சிரித்தார். ஆணிக்கு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த நான்காவது ஆணி எதற்கு?"

"என் பட்டமளிப்புப் படத்துக்கு. எங்கள் வீட்டில் முதல் பட்டம்."

"அதற்குமா கொடுக்கவில்லை?"

"இல்லை."

"நீங்களும் அடிக்கவில்லையா?"

"அவர்கள் சுவர்" என்றேன்.

"இவ்வளவு வருடத்தில் எனக்கு எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் எல்லோரும் தங்கம். தங்கங்கள் காலி செய்த பிறகு சுவரில் ஓட்டை அடைத்தவன் நான். உங்கள் வீட்டுக்கார அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை" என்றார். பிறகு மேஜை மேலிருந்த சாவியை என் பக்கமாகத் தள்ளினார்.

ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சாவியை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்த பிறகுதான் கையைத் திறந்து பார்த்தேன். நமக்கென்று ஒரு சாவி இருந்ததே இல்லையே? கேட் சாவி எப்போதும் மாடியம்மா இடுப்பில்தான். இதை என் உள்ளங்கையில் அச்சுப் பதியும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தேன்.

தண்ணீர்? சோதித்துவிட்டேன். அருமையான தண்ணீர்.

மாடியம்மாவிடம் நன்றி சொல். நேரில், சத்தமாக.

உன் பாப்பா

---

ஏப்ரல் 9

பாப்பாவுக்கு அம்மா.

உன் லெட்டரை நான் மூணு தரம் படிச்சேன். உங்கப்பா கடைக்கு எடுத்துட்டுப் போய் வர்ற கஸ்டமருக்கெல்லாம் படிச்சுக் காட்டினாராம். முதலாளி "லெட்டரைக் குறைச்சு ஆணியை அதிகமா வித்தா நல்லா இருக்கும்"னு சொன்னாராம். கல்லு மாதிரி இருந்த பொண்ணு வாயைத் திறந்திருக்காளேன்னு எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துது. ரெண்டு டம்ளர் தண்ணியைக் குடிச்சியே, அசடு!

உடம்பு எப்படி இருக்கு? புது வீட்ல தூக்கம் வருதா? எனக்கு முழங்கால் பரவாயில்லை. நேத்து ஒரு கல்யாண ஆர்டர், ஜாக்கெட் எல்லாம் ஒரே மூச்சுல கொக்கி வெச்சு முடிச்சேன். பத்து மணி வரைக்கும் மெஷின் ஓடிச்சு. ஆனாலும் வலி இல்லை.

ஆணி அடிச்சியா? சுவர்ல என்ன மாட்டினே?

இனிமே லெட்டரை அப்பா கடை விலாசத்துக்குப் போடு. இங்க தபால்காரர் சரியில்லை.

அம்மா

---

ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். தூக்கம் வருகிறது. அப்பா சுகமா? நீ சுகமா? இந்தத் தடவை இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, கிழக்கே பெரிய ஜன்னல். காலையில் வெயில் கட்டில் வரை வந்து எழுப்புகிறது. சமையலறையில் நான் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதுவே பெரிய ஆச்சரியம். யோசித்துப் பார்த்தேன், கீழே வீட்டுக்காரர், மேலே நான். இங்கே நான்தான் மாடியம்மா!

ஆனால் பழக்கம் விடவில்லை. நுனிக்காலில்தான் நடக்கிறேன். குழாயை நூல் மாதிரி திறக்கிறேன். போன வாரம் பஸ்காரர் படியேறி வந்து கதவைத் தட்டினார். "நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா இல்லையா? சத்தமே இல்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "எதற்கு?" என்றார். எனக்கே தெரியவில்லை.

ஆணி அடிக்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டும் என்று தினமும் படி இறங்குகிறேன். வாசலில் அவரைப் பார்த்ததும் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு லேபுக்குப் போய்விடுகிறேன்.

இப்போது கடைசிக்கு வருகிறேன். வாய்தான் வராது அம்மா, கண்ணும் காதும் எனக்கு நன்றாகவே வேலை செய்யும். பத்து மணி வரை மெஷின் ஓடியது என்று எழுதியிருக்கிறாய். மாடியம்மா எட்டு மணிக்கு மேல் விட மாட்டாரே? மூன்று ஞாயிறாக உன் போனில் பின்னால் மாடியம்மாவின் தண்ணீர் மோட்டார் சத்தம் இல்லை, வேறு யாரோ குழந்தைகள் விளையாடுகிறார்கள். பத்தொன்பது வருடம் சரியாக இருந்த தபால்காரர் திடீரென்று சரியில்லாமல் போய்விட்டார். ஜனவரியில் நீ 'சும்மா தெரிஞ்சுக்கத்தான்' கேட்டாயே, வீடு பார்க்கப் போனால் எதைப் பார்ப்பது என்று? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீடு தேடியிருக்கிறோம், இல்லையா?

எங்கே இருக்கிறாய் அம்மா? மறைக்காமல் எழுது.

உன் பாப்பா

---

மே 13

பாப்பாவுக்கு,

கண்டுபிடிச்சுட்டியா? உங்கப்பாகிட்ட பந்தயம் கட்டியிருந்தேன், மே மாசத்துக்குள்ள நீ கண்டுபிடிச்சுடுவேன்னு. நான் ஜெயிச்சேன். எல்லாரும் நல்லா இருக்கோம். முதல்ல அதைப் படிச்சுக்கோ, அப்புறம் மிச்சம்.

மாடியம்மா மகன் குடும்பத்தோட திரும்பி வர்றானாம். கீழ் வீடு வேணும்னு ஜனவரியில நான் லெட்டர் கேட்கப் போனபோதே சொல்லிட்டாங்க. உங்கப்பா ஒரு வாரம் குதிச்சார். "பத்தொன்பது வருஷம் இருந்திருக்கோம், நினைச்ச உடனே போன்னா எப்படி?"ன்னார். அங்க நீ மார்ச்சுக்குள்ள வீடு இல்லைன்னா பெட்டி கட்டணும். இதையும் உன் தலையில போட்டா நீ பேசற நாலு வார்த்தையும் நின்னு போகும். அதான் சொல்லல.

அப்புறம் ஒருநாள் நானே மாடி ஏறினேன். "சண்டை வேண்டாம்மா. மார்ச் முடியறதுக்குள்ள வீடு உங்க கையில. இன்னைக்கே பாப்பாவுக்கு லெட்டர் எழுதுங்க"ன்னேன். அவங்க என்னையே பாத்தாங்க. "லெட்டரை நான் எழுதறதாத்தான் இருந்தேன். நீ என்னடி வியாபாரம் பேசறே?"ன்னாங்க. "நீங்க எழுதறதா இருந்தீங்க, நாங்க போறதா இருந்தோம். ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுக்குவோம்"னேன். பேனாவை எடுத்துட்டாங்க.

ஒரு லெட்டருக்கு ஒரு வீட்டைக் குடுத்துட்டு வந்தியேன்னு உங்கப்பா. ஒரு வீட்டை விட்டு ரெண்டு வீடு பிடிச்சிருக்கோம்னு நான். கணக்கு தெரியாத மனுஷனை வெச்சுக் கடை நடத்தறாங்க பாரு!

நீ எழுதினபடியேதான் வீடு பாத்தேன். எல்லாக் குழாயையும் திறந்து விட்டேன். புது வீட்டுக்காரர் முழிச்சார். "என் பொண்ணு வெளிநாட்டுல தண்ணி சோதிக்கிற உத்தியோகம்"னேன். அதுக்கப்புறம் என்னை 'வாங்க, போங்க'ன்னுதான் பேசறார். கதவைப் பூட்டிப் பாத்தேன். பகல்ல ஊசியில நூல் கோத்துப் பாத்தேன், கண்ணாடி இல்லாமலே கோத்துட்டேன். மெஷினுக்கு மோட்டார் வெச்சுக்கலாம், நேரம் காலம் இல்லைன்னார். அதான் முழங்கால் வலி குறைஞ்சுது, தைலத்துக்குக் கோவம் வரப்போகுது. கடைசியா ஆணி எத்தனை அடிக்கலாம்னு கேட்டேன். "குடியிருக்கப்போறது நீங்க, என்னைக் கேட்டா?"ன்னார்.

உங்கப்பா ஒரு பொட்டலம் ஆணி கொண்டு வந்தார். முதல்ல உன் படம், கூடத்துல, நுழைஞ்ச உடனே தெரியற இடத்துல. அதோட நிறுத்தினாரா? கத்தரிக்கோலுக்கு ஒண்ணு, இன்ச் டேப்புக்கு ஒண்ணு, சட்டைக்கு ஒண்ணு, குடைக்கு ஒண்ணு. மாட்டச் சாமான் இல்லாம ஆணி மட்டும் நிக்குது. சல்லடைன்னா இதுதான் சல்லடை.

உன் மார்ச் மாச லெட்டர் பழைய வீட்டுக்குப் போச்சு இல்லையா? மாடியம்மா அதை எடுத்துட்டு ஆட்டோ பிடிச்சு வந்தாங்க. குடுத்துட்டுப் போவாங்கன்னு பாத்தா, நாற்காலியை இழுத்துப் போட்டு "படி, கேட்போம்"னாங்க. படிச்சேன். 'பொய் சொல்லத் தெரியவில்லை'ன்னு உன் பஸ்காரர் சொன்ன இடத்தை ரெண்டாம் தரம் படிக்கச் சொன்னாங்க. நீ சொன்னபடி நன்றியை நேர்ல, சத்தமாச் சொன்னேன். "காது நல்லாத்தான் கேக்குது"ன்னாங்க.

அப்புறம் எழுந்து உன் படத்துக்கு எதிர்ல போய் நின்னாங்க. ரொம்ப நேரம் பாத்துட்டு, "கோணலா மாட்டியிருக்கீங்க"ன்னாங்க. அவங்களே கை வெச்சு நேராக்கினாங்க. வாசல்ல செருப்பு மாட்டும்போது, "இப்பல்லாம் எட்டு மணி மாத்திரை மறந்து போகுது"ன்னாங்க. அவ்வளவுதான். ராத்திரி எட்டுக்கு இப்போ நான் போன் பண்றேன். "போட்டாச்சா?" "போட்டாச்சு." வெச்சுடுவாங்க.

நீ இன்னும் ஆணி அடிக்கலையா? பஸ்காரர் என்ன கடிச்சா தின்னுடுவார்?

அம்மா

---

ஜூன் 1

அன்புள்ள அம்மாவுக்கும் பந்தயத்தில் தோற்ற அப்பாவுக்கும்,

நான் மிக நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தை முதலில் கோபத்தோடு படித்தேன். குழாய் எல்லாம் திறந்துவிட்ட இடத்தில் கோபம் போய்விட்டது. மாடியம்மா படத்தை நேராக்கிய இடத்தில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே படி இறங்கினேன். பஸ்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "சுவரில் ஆணி அடிக்கலாமா?" என்று கேட்டேன். முதல் தடவையிலேயே அவருக்குக் கேட்டது அம்மா!

"எத்தனை?"

"ஒன்று."

"ஒன்றுக்கா இரண்டு மாதம் யோசித்தீர்கள்?" என்று உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தார். "நான் அடித்துத் தரட்டுமா?"

"வேண்டாம். நான் ஆணிக்கடைக்காரர் மகள்" என்றேன்.

முதல் ஆணி வளைந்துவிட்டது, அப்பாவிடம் சொல்லாதே. இரண்டாவதை ஓங்கி அடித்தேன். வீடு முழுக்க அதிர்ந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், பழைய பயம். கீழேயிருந்து அவர் குரல் வந்தது: "இப்போதுதான் மாடியில் ஆள் இருக்கிறது!" இன்னும் ஓர் அடி அடித்தேன். தேவையே இல்லை, சும்மா ஆசைக்கு.

தங்கும் அனுமதியும் போன வாரம் வந்துவிட்டது. விலாசம் என்ற இடத்தில் இந்த வீட்டை எழுதினேன். லேபில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அதைவிடப் பெரிய செய்தி, புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு வீடு பார்க்கக் கூடப் போனேன். குழாயில் பழுப்பாக வந்தது. "இது எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டேன். ஆமாம், நான்தான். அந்தப் புரோக்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.

மோட்டார் வைத்த பிறகும் முழங்காலை மறந்துவிடாதே. மாடியம்மாவுக்கு எட்டு மணி போனை நிறுத்தாதே. அப்பாவை ஆணிப் பொட்டலத்திடமிருந்து தள்ளி வை.

உன் பாப்பா

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இதைக் கேட்கத்தான் மாலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். நீ அன்றைக்கு ஒதுங்கியதுபோல ஒதுங்கிவிடுவாயோ என்று பயம்.

என் ஆணியில் இன்னும் எதையும் மாட்டவில்லை. நர்ஸ் அக்கா வந்து, "என்னடி, வெறும் ஆணியை வெச்சு அழகு பாக்கறே?" என்றார். ஆள் வர வேண்டும் என்றேன். என்னிடம் உன் படம் என்று ஒன்றுகூட இல்லை அம்மா, புடவை நுனியைத் தவிர. அந்தப் பச்சைப் புடவையையே கட்டிக்கொள். உன் புது வீட்டு வாசலில், ஓரமாக இல்லாமல் நடுவில் நில். கையில் உன் வீட்டுச் சாவி நன்றாகத் தெரியட்டும். ஒரே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.